கிரகணத்தன்று நான் வெளியே போனேன்

ஐயா, நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் இது: மாட்டேன். செல்வியிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மாட்டுப்பொங்கலன்று கிரகணம், உன் பெண்டாட்டிக்கு ஐந்தாவது மாதம், அதனால் காலை பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவளை உள்ளறையில் வைத்து வெளியே பூட்டுவது, சோறு தண்ணீர் கிடையாது, கத்தி அரிவாள்மனை தொடக்கூடாது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று உன் அத்தை தீர்மானம் செய்திருக்கிறாள். உன் அப்பாவுக்கு அக்காவாகப் பிறந்தவள், அந்த வீட்டில் அவள் தீர்மானம் செய்யாத நாள் எது? செல்வி முடியாது என்று சொல்லிவிட்டாளாம். தபாலாபீஸில் நாள் பூராவும் ஊரார் வாய்க்குப் பதில் சொல்கிற பிள்ளை, சொல்லத்தான் செய்வாள். நடுவில் நீ என்னைக் கூப்பிட்டு, "நீ சொன்னா அவ கேப்பாம்மா. நாலு மணி நேரந்தான, உள்ள இருந்தா என்ன கொறைஞ்சு போகுது? நீ ஒரு தடவ பட்டவதான" என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். நேரில் வந்து சொல்லலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, விடும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் அப்பாவும் கடைசிவரை அப்படித்தான். கடிதம் என்றால் நீ எழுந்து போனாலும் அது மேஜைமேல் கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் உட்கார்ந்து படி. இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஒரு பொய் இருக்கிறது. பாடம் ஊருக்கெல்லாம் நடத்தியது. பொய் உனக்கென்று சொன்னது.

எண்பதாம் வருஷம் நீ வயிற்றில் இருந்தபோது, நான் நம் ஊர்க் காலேஜில் விலங்கியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். கரு வளர்ச்சி பிராக்டிகல் என்னுடைய பொறுப்பு. அதற்குக் கோழி முட்டைகளை வெவ்வேறு நாளில் இன்குபேட்டரில் வைப்போம். ஒருநாள் முட்டை, இரண்டு நாள் முட்டை, மூன்று நாள் முட்டை என்று பரீட்சைக்குத் தயாராக இருக்கும். அந்தச் சனிக்கிழமை காலேஜ் லீவு. முட்டைகளைத் திருப்பி வைக்கவும் தட்டில் தண்ணீர் ஊற்றவும் அட்டெண்டர் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் கிரகணம் என்பதால் அவர் வரமாட்டேன் என்று காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டார். உன் அப்பா மில்லில் ஷிப்டில் இருந்தார். எனக்கு அப்போது ஐந்தாவது மாதம், இப்போது செல்விக்கு இருக்கிற அதே கணக்கு. தண்ணீர் வற்றிப்போனால் திங்கட்கிழமை பரீட்சைக்கு வரும் முப்பது பிள்ளைகளுக்கு என்னத்தைக் காட்டுவது? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் ஈ காக்காய் இல்லை. கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. வீடுகளில் ஜன்னல்களை அடைத்துத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். மத்தியான வெயில் சாயங்கால வெயில்போல மங்கிக்கொண்டே வந்தது. வேப்பமரத்துக்குக் கீழே போனபோது, இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் பிறைபிறையாக இருந்தன. நூற்றுக்கணக்கான குட்டிச் சூரியன்கள், ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் கடித்து வைத்த மாதிரி. என் சேலைமேலும் வயிற்றின்மேலும் அவை விழுந்தன. நின்று பார்த்தேன். பயம் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. தெருவில் என்னைத் தவிர நடமாடிய ஒரே உயிர் முக்கு வீட்டு வெள்ளை நாய். அது பிறவிச் செவிடு, நினைவிருக்கிறதா, பந்தை எறிந்துவிட்டு நீ கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் நிற்குமே. நம் ஊர் வெள்ளை நாய்களில் சிலதுக்கு அப்படி நேரும். குட்டி கருவாக இருக்கும்போது நிறத்தைத் தருகிற உயிரணுக்கள் முதுகிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவும். அவை உள்காதுக்கும் போய்ச் சேரவேண்டும், சேராவிட்டால் காது கேட்காது. செவிட்டு நாயைப் பார்த்து யாரும் இதன் தாய் கிரகணத்தில் வெளியே போயிற்றா என்று கேட்டதில்லை. அந்த வகை அப்படி என்று விட்டுவிடுவார்கள். நாய்க்குக் கிடைத்த அந்த நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை.

லேபுக்குப் போனேன், தண்ணீர் ஊற்றினேன், முட்டைகளைத் திருப்பி வைத்தேன். மூன்று நாள் முட்டை ஒன்றை எடுத்து ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டிப் பார்த்தேன். மஞ்சள்கருவின்மேல் சிவப்பு நூல் வலை, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு அடித்துக்கொண்டிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. வெளியே சூரியனில் முக்கால்வாசி காணோம். இதற்கு அந்தச் சங்கதியே தெரியாது. கழுத்துக்குப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. மீனுக்கு அந்த மடிப்புகள் செவுளாகும். கோழிக்கும் கன்றுக்குட்டிக்கும் உனக்கும் எனக்கும் அவற்றிலிருந்துதான் தாடை வரும், காதின் சின்ன எலும்புகள் வரும். எங்கள் லேபில் பாட்டில்களில் வரிசையாக வைத்திருந்தோம், பல்லி, கோழி, முயல், ஆடு. ஆரம்ப நாட்களில் எது எது என்று லேபிளைப் பார்க்காமல் சொல்கிறவர் யாரும் இல்லை, நான் உட்பட.

இப்போது பாடத்தைக் கேள். முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. மேலேயிருந்து ஒரு துண்டு இறங்கும், அது மூக்கும் மேலுதட்டின் நடுப்பகுதியும். இரண்டு கன்னத்துப் பக்கமிருந்தும் ஒவ்வொரு துண்டு நடுவை நோக்கி வளரும். மூன்றும் தொட்டு ஒட்டிக்கொண்டால் மேலுதடு. உன் மூக்குக்குக் கீழே குழி மாதிரி இருக்கிறதே, அதன் இரண்டு கரைகளும் துண்டுகள் ஒட்டிய இடம்தான். மனிதக் கருவில் இந்த வேலை ஏழாவது வாரத்தோடு முடிந்துவிடும். இரண்டு மாதம் நிறையவில்லை, பாதிப் பொம்பளைகளுக்கு நாள் தள்ளிப்போனது அப்போதுதான் உறுதியாகியிருக்கும். அதுவரைக்கும் எல்லாருக்கும் உதடு பிளந்துதான் இருந்தது. எனக்கு, உன் அத்தைக்கு, எங்கள் பிரின்சிபாலுக்கு, எல்லாருக்கும். சிலருக்கு ஒரு பக்கத்துத் துண்டு போய்ச் சேருவதில்லை. ஏன் என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும், சிலருக்கு எந்தக் காரணமும் கண்ணில் படாது. உனக்கு இடது பக்கத்துத் துண்டு சேரவில்லை. அந்த விஷயம் இரண்டாவது மாதமே முடிந்துபோனது. கிரகணம் வந்தது ஐந்தாவது மாதம். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆடியில் நீ பிறந்தாய். உன் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் கோயில் பிரசாதத்தோடு முதல் பஸ்ஸில் வந்தாள். கிரகணத்தன்று நான் குடைபிடித்துப் போனதை எதிர்வீட்டு ஜன்னல் பார்த்திருக்கிறது. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அந்தச் செய்தி அவளுக்குப் போயிருந்தது. துணியை விலக்கி உன் முகத்தைப் பார்த்தாள். "சூரியனப் பாம்பு புடிச்ச நேரத்துல ஊரு மேஞ்சா வேற என்னத்தப் பெறுவா" என்றாள். நான் பெற்று ஆறு மணி நேரம் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் தொங்கிய அட்டையின் பின்பக்கத்தில் மூன்று துண்டும் வரைந்து வாரக்கணக்குப் போட்டுக் காண்பித்தேன். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. படித்தவளுக்கு வாய் நீளம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உனக்கு உதடு மட்டும்தான் பிளந்திருந்தது, மேலண்ணம் முழுசு. பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றினால் மடக் மடக்கென்று குடித்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தேன். எட்டிப் பார்த்தவளிடம் எல்லாம் நின்று பாடம் நடத்தினேன். மூன்று மாதம் அப்படி இருந்தேன் ஐயா. அந்த மூன்று மாதத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நாலாவது மாதம் உன் சித்திக்கு வரன் வந்தது. வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு உள்ள குடும்பம். பையனை, அதாவது உன் சித்தப்பாவை, அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்றைத்தான். பூ வைக்க வந்த அன்று பையனின் அம்மா உன்னை மடியில் வாங்கிச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஒங்க பக்கத்துல முன்ன யாருக்கும் இப்படி உண்டுமா?"

உண்டு. அதுதான் உனக்குத் தெரியாதது. என் அம்மாவுக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான். உதடு மட்டுமில்லை, அண்ணமும் பிளந்து, பாலை உறிஞ்ச முடியாமல் பத்து நாளில் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. அம்மா அதை எங்கள் இரண்டு பேரிடம் மட்டும், நாங்கள் பெரிய மனுஷிகளான பிறகு சொல்லியிருந்தாள். அந்தக் கேள்வி வந்ததும் அம்மா முகம் வெளுத்துப்போனது. தங்கை என்னைப் பார்த்தாள். உன் அத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், உன் அப்பா வாசலில். நான் சொன்னேன்: "அப்படியெல்லாம் யாருக்கும் இல்ல. நாந்தான் கிரகணத்துல வெளிய போயிட்டேன்."

அவ்வளவுதான், கூடத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். உன் அத்தை எழுந்து வந்து, உன்னைப் பெற்ற பிறகு முதல் தடவையாக, என் தலையைத் தடவினாள். இப்பவாச்சும் ஒத்துக்கிட்டாளே என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் கல்யாணம் நின்றிருக்கும். அக்காக்காரி அடங்காப்பிடாரி என்றால் அது அக்காவோடு போயிற்று. அப்படித்தான் கணக்குப் போட்டேன். தைமாதம் உன் சித்தி கழுத்தில் தாலி ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டேன். முகத்தின் மூன்று துண்டும் எனக்கு மனப்பாடம், அதை வகுப்பில் மட்டும் சொல்வது, வீட்டிலும் தெருவிலும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பொய் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், என் வாய் மட்டும் ஏம்மா இப்படி இருக்கு என்று கேட்டாய். மதுரையில் தைத்த தழும்பு அப்போது சிவப்பாகத்தான் இருக்கும். உன்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளை வத்திராயிருப்புக்குப் போய் உளறிவிடுமே என்று பயந்தேன். அம்மா கிரகணத்துல வெளிய போயிட்டேன்டா என்றேன். நீ பையைக் கழற்றிக் கீழே வைத்தாய். பிறகு என் கன்னத்தில் கையை வைத்து, "பரவால்லம்மா, தெரியாமத்தான போன" என்றாய். நான் உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்ன எடுக்க வந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்ததைச் சொல்வது கஷ்டம். சொல்லித்தான் தீருவேன். தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் கிரகணம் வந்ததே, உனக்குப் பதினைந்து வயது. நீ டீவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் காம்பவுண்டில் கடைசி வீட்டில் முருகேஸ்வரி இருந்தாள், மில்லில் வேலை பார்த்த பையனின் பெண்டாட்டி, வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரி. உனக்கு முறுக்கு கொடுப்பாளே, அவள்தான். ஏழு மாதம். ஓட்டு வீட்டில் அவளை உள்ளே விட்டு மாமியார் வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம். அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டாள். நான் செம்பில் தண்ணீரோடு போனேன். போகத்தான் செய்தேன். அந்த மாமியார் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினாள்: "நீங்களே சொல்லுங்க டீச்சர். ஒங்க பிள்ள வாயப் பாத்துத்தான அவளப் பூட்டிருக்கேன். பட்டவிய நீங்கதான?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெருவில் வெளிச்சம் மங்கியிருந்தது, முந்தின நாள் வெடித்த வெடிப் பேப்பர் காலில் ஒட்டியது. உள்ளேயிருந்து முருகேஸ்வரி, டீச்சர், ஒரு மடக்கு மட்டும் என்றாள். நான் கதவைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரந்தானம்மா" என்று சொல்லிவிட்டுச் செம்போடு திரும்பி வந்தேன். தங்கைக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், கல்யாணம் முடிந்து பதினான்கு வருஷம். இனி யார் எதை நிறுத்த முடியும்? இருந்தும் பயந்தேன். பதினைந்து வருஷம் சொன்ன பொய்யைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்து விழுங்க எனக்குத் தொண்டை இல்லை.

மூன்று வாரம் கழித்து அவளுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. பூட்டி வைத்ததால்தான் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாததைச் சொன்னால் எனக்கும் உன் அத்தைக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நம் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். மார்பில் பால் கட்டி, சேலை நனைந்திருந்தது. "டீச்சர், அன்னைக்கு ஓட்டு இடுக்கு வழியா ஒரு துண்டு வெளிச்சம் வயித்துமேல விழுந்துச்சு. பெற மாதிரி இருந்துச்சு. நான் கையக் கொண்டு மறைச்சேன், அது கைமேல ஏறிருச்சு. அதனாலயா டீச்சர்?"

எனக்கு அந்தப் பிறையைத் தெரியும் ஐயா. உன்னைச் சுமந்துகொண்டு வேப்பமரத்தடியில் நான் நின்றபோது என்மேல் நூறு விழுந்தது. அது வெறும் சூரிய வெளிச்சம், ஓட்டை வழியாக வந்தால் சூரியன் எப்படி இருக்கிறதோ அப்படி விழும். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை எழுந்து நிமிர்ந்து போயிருப்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழாத என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. நான் இல்லை என்று சொல்லாததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அவர்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். நான் செய்ததில் மிகப் பெரிய தப்பு அதுதான். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனது தப்பே இல்லை.

நேற்று நீ போனில் "பட்டவதான" என்றபோது அந்த மாமியார் குரல்தான் என் காதில் விழுந்தது. அதே வார்த்தை. அதனால்தான் வைத்தேன். வைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ் ஏறினேன். உன் சித்தப்பா தோப்பில் நின்று காய் இறக்கிக்கொண்டிருந்தார். தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் அம்மாவின் தம்பி விஷயத்தைச் சொன்னேன், பூ வைத்த அன்று நான் சொன்னது பொய் என்றேன். முப்பது வருஷம் உள்ளே வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "மதினி, அந்த விசயத்த இவ எனக்கு மறுவீட்டுக்கு வந்தப்பவே சொல்லிட்டா. ஒங்களுக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கு ரத்தம் கித்தம் ஒண்ணும் பெருசில்ல. கெரகணத்துல ஊரு சுத்துனவ தங்கச்சியான்னுதான் அவிய ஒரு வாரம் சோறு திங்கல. நாந்தான் புடிவாதமா நின்னு கட்டுனேன்."

அதாவது, கல்யாணத்தைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்தான் அதைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. தங்கையை ஒரு முறை முறைத்தேன். நீ என்னிடம் கேட்கவே இல்லையே அக்கா என்கிறாள் அந்தக் கழுதை. இரண்டு பேரும் தோப்பில் உட்கார்ந்து சிரித்தோம், பிறகு நான் அழுதேன். ஒரு ஆளுக்கும் உதவாத பொய்யை வைத்துக்கொண்டு உன் முகத்தையும் முருகேஸ்வரியின் தாகத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் கடிதம் முருகேஸ்வரிக்கு எழுதினேன். புதுப்பட்டியில் அவள் அண்ணன் விலாசத்துக்குப் போட்டிருக்கிறேன், போய்ச் சேருமா தெரியாது. இரண்டாவது கடிதம் இது.

இனி நீ செய்ய வேண்டியது. ஸ்கேன் எடுக்கப் போகும்போது அம்மாவின் மாமா ஒருவர் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தார் என்று டாக்டரிடம் சொல். பிள்ளைக்கு உன்னைப் போலவே உதடு வரலாம், வராமலும் போகலாம். வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். வந்தால் அது நம் வீட்டு வழியாக வந்திருக்கலாம், அல்லது யாருக்கும் தெரியாத வழியாக. செல்வி கத்தியைத் தொட்டதால் வராது, நடந்ததால் வராது, சூரியன் அவள்மேல் பட்டதால் வராது. அதைத் தைக்க இப்போது மதுரை வரை அலைய வேண்டியதும் இல்லை. இன்னொன்று. மாடியில் நின்று நீ ஊதுகிறாயே, சிகரெட் புகை கருவுக்கு ஆகாது, அதற்கு ஆதாரம் இருக்கிறது. அதற்காக உன்னை நாலு மணி நேரம் யாரும் உள்ளே வைத்துப் பூட்டக் காணோம். உன் அத்தையிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லு. வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே அவளுக்குப் படித்துக் காட்டு. ஆஸ்பத்திரி அட்டையைத்தான் பார்க்கவில்லை, இதையாவது கேட்கட்டும்.

மாட்டுப்பொங்கலன்று காலை ஒன்பதரை பஸ்ஸில் வாரேன். தயிர்ச்சோறும் மாவடுவும் ஒரு குடம் தண்ணீரும் நானே கொண்டு வருவேன். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்க யாரையும் விடமாட்டேன், அது கர்ப்பிணிக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. உங்கள் வீட்டு முற்றத்தில் முருங்கை மரம் இருக்கிறது. அதன் நிழலில் பாய் போட்டு, தரையில் பிறை விழுவதைப் பார்க்கச் செல்வியை உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்காருவேன். அவளுக்கு வேண்டாம், உள்ளே படுக்கிறேன் என்று அவளாகச் சொன்னால் படுக்கட்டும், கதவு திறந்திருக்கும். பூட்டுப் போட்டிருந்தால் உடைப்பேன். அறுபது வயசாகிறது, கை நடுங்குகிறது, ஆனாலும் அந்த வீட்டுப் பூட்டை உடைக்கிற தெம்பு இருக்கிறது. நீ கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பாய் என்பதை நீ முடிவு செய்துகொள்.

கடைசியாக ஒன்று. எட்டு வயசில் என் கன்னத்தில் கைவைத்து என்னை மன்னித்தாய். அதை இத்தனை வருஷம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திருப்பித் தருகிறேன், எடுத்துக்கொள். கிரகணத்தன்று நான் வெளியே போனேன், தெரிந்துதான் போனேன், வேலை இருந்தது, போனேன். அதற்கு உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். உன்னிடம் பொய் சொன்னதற்கு வேண்டும். தருவதும் தராததும் உன் இஷ்டம். தராவிட்டாலும் ஒன்பதரை பஸ்ஸில் வருவேன்.